சேஃப்கார்ட்ஸ் டிடெக்டர்ல யாராவது கை வச்சிருக்காங்களான்னு கண்டுபிடிக்கிறது எப்படி

அணுசக்தி நிலையங்கள்ல இருக்கிற யுரேனியமும் புளுட்டோனியமும் சொன்ன கணக்குப்படியே இருக்கா, ஆயுத வேலைக்கு எதுவும் திசைமாறிப் போகலையான்னு பார்க்கிறதுக்குப் பேருதான் சேஃப்கார்ட்ஸ். வியன்னாவுல இருக்கிற ஐஏஇஏ (சர்வதேச அணுசக்தி முகமை) இதைச் செய்யுது, ஐரோப்பாவுல யூராடம்ங்கிற அமைப்பும் கூட இருக்கு. இதுக்காக வைக்கிற ரேடியேஷன் டிடெக்டருக்கு சாதாரண ஆய்வகக் கருவிக்கு இல்லாத ஒரு சிக்கல் இருக்கு: யாரைச் சோதிக்கணுமோ அவங்க கட்டடத்துக்குள்ளயே, அவங்க கரண்ட்லயே, அவங்க ஆளுங்க நடமாடுற இடத்துலயே அது வருஷம் பூரா நிக்குது, இன்ஸ்பெக்டர் எப்பவாவது வந்து போறார். அதனால ரீடிங் சரியா இருக்கான்னு மட்டும் கேட்டா போதாது, இந்த டிடெக்டர், இந்த நேரத்துல, இந்தப் பொருளைப் பார்த்துதான் இந்த ரீடிங்கைக் குடுத்துச்சான்னும் கேக்கணும்.

நேரமும் நம்ம பக்கம் இல்ல. ஐஏஇஏ கணக்குல ஒரு குண்டுக்குப் போதும்னு எடுத்துக்கிற அளவு 8 கிலோ புளுட்டோனியம், இல்லன்னா உயர் செறிவு யுரேனியத்துல இருக்கிற 25 கிலோ யுரேனியம்-235. உலையில எரியாத, நேரா ஆயுதத்துக்கு உதவக்கூடிய பொருள் காணாமப் போனா ஒரு மாசத்துக்குள்ள தெரியணும், எரிஞ்ச எரிபொருளுக்குள்ள இருக்கிறதுன்னா மூணு மாசம். டிடெக்டர்ல கை வச்சதை ஆறு மாசம் கழிச்சு கண்டுபிடிச்சா அந்த கெடு எல்லாம் தாண்டிப் போயிருக்கும்.

எங்கெங்க கை வைக்க வாய்ப்புன்னு முதல்ல மனசுல ஒரு வரைபடம் போட்டுக்கங்க. பொருளுக்கும் டிடெக்டருக்கும் நடுவுல ஏதாவது வரலாம், டிடெக்டரே மாறலாம், கேபிள்ல புகுந்திருக்கலாம், எலக்ட்ரானிக்ஸ் செட்டிங் மாறியிருக்கலாம், கடைசியா கம்ப்யூட்டர்ல இருக்கிற டேட்டா மாறியிருக்கலாம். ஒவ்வொரு இடத்துக்கும் வேற வேற சோதனை, ஒண்ணுல தப்பிச்சது இன்னொண்ணுல மாட்டணும், மொத்த வேலையும் அப்படித்தான் அமைஞ்சிருக்கு. என்னைக் கேட்டா நிறைய பேரு சீலை மட்டும் பார்த்துட்டு திருப்தியாயிடறாங்க, ஆனா பொய் சொல்ல ரொம்ப கஷ்டமான சாட்சி கதிர்வீச்சேதான், அதோட இயற்பியலைக் கேள்வி கேக்கத் தெரிஞ்சா அதுவே நிறைய சொல்லும்.

முதல் வேலை: நல்லா இருக்கும்போதே எல்லாத்தையும் எழுதி வைங்க

கருவி நிறுவுன அன்னிக்கு, எல்லாம் சரியா இருக்குன்னு உறுதியா தெரிஞ்ச நிலையில எடுக்கிற பேஸ்லைன் இல்லாம பின்னாடி எந்த சோதனையும் பண்ண முடியாது. வண்டிய தினமும் ஓட்டுறவருக்கு இன்ஜின் சத்தம் லேசா மாறினாலே தெரியும், புதுசா ஏறினவருக்குத் தெரியாது, அந்தப் பழக்கத்தைத்தான் இங்க எண்ணா எழுதி வைக்கிறோம். பேக்கிரவுண்ட் ரேட் (பொருள் எதுவும் வைக்காதப்பவே வர்ற எண்ணிக்கை), செக் சோர்ஸை (அளவு தெரிஞ்ச சின்ன கதிரியக்கப் பொருள்) ஒரே தூரத்துல ஒரே ஹோல்டர்ல வச்சு எடுத்த ரேட், ஸ்பெக்ட்ரத்துல, அதாவது கதிரோட ஆற்றல் வரைபடத்துல, பீக் எந்த சேனல்ல விழுது, அகலம் என்ன, டெட் டைம் (ஒரு கதிரைப் பதிஞ்சு துடிப்பு அனுப்பின உடனே அடுத்ததைப் பதிய முடியாத நேரம்) எவ்வளவு, ஹை வோல்டேஜை ஏத்தி ஏத்தி எடுத்த பிளாட்டோ வளைவு (எண்ணிக்கை ஏறி ஒரு கட்டத்துல சமமாகிற கோடு), கருவி இழுக்கிற கரண்ட், கேபிளோட எதிரொலி வரைபடம், ஃபர்ம்வேரோட (கருவிக்குள்ளேயே ஓடுற மென்பொருள்) ஹாஷ் எண் (கோடுல ஒரு எழுத்து மாறினாலும் மாறிடுற, கைரேகை மாதிரி எண்), பெட்டியோட எல்லாப் பக்கத்துலயும் நெருக்கமா எடுத்த போட்டோ, ஸ்க்ரூ தலை எந்தக் கோணத்துல நிக்குதுங்கிறது வரைக்கும். இது சலிப்பான வேலை, ஆனா இதுல விட்டது எதையும் பின்னாடி சேர்க்க முடியாது.

அந்த பேஸ்லைனோட பிரதி அந்த இடத்துல இருக்கக் கூடாது. கருவியை மாத்தக்கூடியவங்க கைக்கு எட்டுற எடத்துல பேஸ்லைனும் இருந்தா ரெண்டையும் சேர்த்தே மாத்திடலாம்.

பவர் போடறதுக்கு முன்னாடி கண்ணால பாருங்க

போனதும் லேப்டாப்பைத் திறக்காதீங்க. முதல்ல சீல். ஐஏஇஏ பல வருஷமா பயன்படுத்தி வந்த உலோக மூடி சீல்ல, மூடியோட உள்பக்கத்துல இருக்கிற கீறலும் ஈயப்பற்றோட கோலமும் ஒவ்வொண்ணுக்கும் தனி, போடறதுக்கு முன்னாடியே அதைப் படம் எடுத்து வச்சிருப்பாங்க, கழட்டின சீலை வியன்னாவுக்கு எடுத்துட்டுப் போய் ஒப்பிடுவாங்க. அதாவது அந்த இடத்துலயே முழு முடிவு தெரியாது. கோப்ரா சீல் வேற மாதிரி, ஃபைபர் ஆப்டிக் கம்பியோட முனைங்க மாட்டும்போது தாறுமாறா வெட்டுப்படும், வெளிச்சம் வர்ற புள்ளிக் கோலத்தை அங்கேயே போட்டோ எடுத்து ஒப்பிடலாம். ஈஒஎஸ்எஸ்ங்கிற எலக்ட்ரானிக் சீல் ஃபைபர் வழியா இடைவிடாம வெளிச்சத் துடிப்பு அனுப்பிட்டே இருக்கும், எப்ப திறந்தாங்க எப்ப மூடினாங்கன்னு நேரத்தோட எழுதி வைக்கும்.

எந்த சீலா இருந்தாலும் எண்ணை மட்டும் பார்த்துட்டு நகராதீங்க. கம்பியை முழுசா விரலால தடவிட்டே போங்க, ஒட்டு, முறுக்கு, நிற மாற்றம் இருக்கான்னு பாருங்க, லேசா இழுத்துப் பாருங்க. சீல் சரியா இருந்து, அது கோர்த்திருக்கிற கொண்டியையே பின்பக்கமா கழட்ட முடியும்னா அந்த சீலால என்ன பிரயோஜனம், அதனால கொண்டி, கீல், பெட்டியோட மூலை, கேபிள் நுழையிற துளை இது நாலும் சீலுக்கு சமமான கவனம் கேக்குற எடங்க. அமெரிக்காவுல லாஸ் அலமாஸ் ஆய்வகத்துல ரோஜர் ஜான்ஸ்டன் தலைமையில இருந்த குழு நூத்துக்கணக்கான சீல்களை எடுத்து சோதிச்சு, பெரும்பாலானதை சாதாரண கருவிங்களை வச்சே கொஞ்ச நேரத்துல ஏமாத்த முடியும்னு காட்டினாங்க. அதுக்காக சீல் வேண்டாம்னு அர்த்தம் இல்ல, சீலை எப்படிப் பயன்படுத்துறோம் எப்படிப் பார்க்கிறோம்ங்கிற ஒழுங்குலதான் அதோட மதிப்பு மொத்தமும் இருக்குன்னு அர்த்தம்.

பெட்டியோட மேல்பூச்சையும் விடாதீங்க. அனோடைஸ் பண்ண அலுமினியத்துல ஓட்டை போட்டு அடைச்சா அதே பூச்சை அந்த இடத்துல மட்டும் திரும்ப கொண்டுவர்றது சுலபம் இல்ல. டார்ச்சை நேரா அடிக்காம பக்கவாட்டுல சாய்ச்சு அடிச்சுப் பாருங்க, மேடு பள்ளம், மெருகு வித்தியாசம் எல்லாம் நிழலா தெரியும். சந்தேகமான எடத்துல எடி கரண்ட் புரோப் (உலோகத்துல சுழல் மின்னோட்டத்தைத் தூண்டிப் பார்க்கிற கருவி) வச்சா பூச்சுக்கு அடியில இருக்கிற வெல்டிங்கோ அடைப்போ தெரிய வாய்ப்பு இருக்கு.

எண்ணிக்கை ஆடுற விதத்தைப் பாருங்க

இதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச சோதனை, காரணம் இதுக்குத் தனியா எந்தக் கருவியும் வேண்டாம், ஏற்கனவே இருக்கிற டேட்டா போதும். கதிரியக்கச் சிதைவு தற்செயலா நடக்கிறது, அதனால எண்ணிக்கை 10,000 வந்தா அதோட இயல்பான ஆட்டம் அதோட வர்க்கமூலம், அதாவது 100 பக்கம், 1 சதவீதம். அதே சோர்ஸை அதே நேர அளவுக்கு 20 தடவை எண்ணினா 20 எண்ணும் இந்த அளவுக்கு ஆடியே ஆகணும். அளவுக்கு மேல ஆடினா எல்லாருக்கும் சந்தேகம் வரும், லூஸ் கனெக்டரா நாய்ஸா இருக்கும்னு பார்ப்பாங்க. அளவுக்குக் கம்மியா ஆடினா நிறைய பேரு கருவி ரொம்ப ஸ்டெடியா இருக்குன்னு சந்தோஷப்படறாங்க, உண்மையில கவலைப்பட வேண்டியது அதுக்குத்தான். சிக்னல் ஜெனரேட்டர்லேர்ந்து வர்ற துடிப்பு சீரா வரும், இயற்கை அப்படி சீரா வராது.

செய்முறை சுலபம். 20 ரீடிங் எடுங்க, சராசரி கண்டுபிடிங்க, ஒவ்வொரு ரீடிங்குக்கும் சராசரிக்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கம் பண்ணி எல்லாத்தையும் கூட்டி சராசரியால வகுங்க. வர்ற எண்ணுதான் கை-ஸ்கொயர். 20 ரீடிங்குக்கு அது 19 பக்கம் இருக்கணும், 100 தடவை பண்ணினா 95 தடவை சுமார் 8.9க்கும் 32.9க்கும் நடுவுல விழும். ஒரு தடவை வெளிய போனா உடனே முடிவு கட்டாதீங்க, அது தற்செயலாவே நடக்கும், திரும்ப எடுங்க. மூணு தடவை தொடர்ந்து 5, 6னு வந்துச்சுன்னா அந்த எண்ணு கதிர்வீச்சுலேர்ந்து வரலைன்னு சந்தேகப்பட நல்ல காரணம் இருக்கு. டெட் டைம் அதிகமா இருக்கிற டிடெக்டர்ல ஆட்டம் கொஞ்சம் கம்மியாவே இருக்கும், அதை மட்டும் ஞாபகத்துல வச்சுக்கங்க.

தற்செயலா துடிப்பு அனுப்புற ஜெனரேட்டரும் இருக்கேன்னு கேட்டா, இருக்கு. அதுக்குத்தான் அடுத்தடுத்த சோதனைங்க. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் உள்ள இடைவெளிகளை வரைஞ்சா உண்மையான டிடெக்டர்ல அது சீரா சரியுற எக்ஸ்பொனென்ஷியல் வளைவா இருக்கும், ரொம்பச் சின்ன இடைவெளியில மட்டும் டெட் டைம் காரணமா வெட்டுப்பட்டிருக்கும், அந்த வெட்டு விழுற எடமும் வடிவமும் அந்த டிடெக்டருக்கே உரியது. பேஸ்லைன்ல இருக்கிற வளைவோட இதை மேல மேல வச்சுப் பாருங்க.

பழைய டேட்டாவை ரெக்கார்ட் பண்ணி திருப்பி ஓட்டியிருந்தா எண்ணோட ஆட்டம் சரியாவே இருக்கும், ஏன்னா அது ஒரு காலத்துல உண்மையா வந்ததுதான். இதைப் பிடிக்கணும்னா டேட்டாவை அதோட பழைய டேட்டாவோடயே ஒப்பிடணும். தற்செயல் ஆட்டம் ரெண்டு தடவை ஒரே வரிசையில வராது. ஒரு மணி நேரத்து ரீடிங் வரிசையை எடுத்து பழைய மாசங்கள் மேல நகர்த்திக்கிட்டே போய் ஒத்துப்போற எடம் இருக்கான்னு கம்ப்யூட்டர்ல தேட விடுங்க, பலமா ஒத்துப்போற எடம் ஒண்ணு கிடைச்சாலும் விஷயம் முடிஞ்சுது. 2010ல வெளிய தெரிஞ்ச ஸ்டக்ஸ்நெட் வைரஸ் கோடுக்குள்ள இதே தந்திரம் இருந்தது, 21 விநாடி சென்சார் ரீடிங்கை ரெக்கார்ட் பண்ணி ஆபரேட்டர் திரையில திரும்பத் திரும்பக் காட்டுற பகுதி. அது சேஃப்கார்ட்ஸ் கருவி மேல நடந்தது இல்ல, கன்ட்ரோல் சிஸ்டம் மேல எழுதினது, ஆனா ரீடிங் நார்மலா இருக்கிறதுங்கிறது எதுக்கும் சாட்சி இல்லைன்னு அதுக்கப்புறம் யாருக்கும் விளக்க வேண்டியதில்ல.

வெளியுலகத்தோட சேர்ந்து ஆடுதான்னும் பாருங்க. நியூட்ரான் டிடெக்டரோட பேக்கிரவுண்ட்ல பெரும்பகுதி காஸ்மிக் கதிர்லேர்ந்து வருது, காற்றழுத்தம் 1 ஹெக்டோபாஸ்கல் ஏறினா அது சுமார் 0.7 சதவீதம் இறங்கும். பக்கத்துல நியூட்ரான் விடற பொருள் எதுவும் இல்லாத நாட்கள்ல பேக்கிரவுண்டை எடுத்து வானிலை நிலையத்தோட அழுத்த ரெக்கார்டோட ஒப்பிட்டா எதிரெதிரா நகரணும். காமா டிடெக்டர்ல மழை பெஞ்சா காத்துல இருக்கிற ரேடான் வாயு சிதைஞ்சு உருவான பொருளுங்க தரைக்கு வந்து பேக்கிரவுண்ட் ஏறும், தடிமனான கட்டடத்துக்குள்ள இது கம்மியாத்தான் தெரியும். இந்த மாதிரி சின்னச் சின்ன அசைவெல்லாம் காணாமப் போய் பேக்கிரவுண்ட் கோடு போட்ட மாதிரி இருந்தா அதுக்கு ஒரு காரணம் கேளுங்க.

ஸ்பெக்ட்ரத்தைப் படிங்க

காமா ஸ்பெக்ட்ரத்துல மென்பொருள் பீக் பரப்பைக் கணக்குப் போட்டு செறிவு, அதாவது மொத்த யுரேனியத்துல யுரேனியம்-235, இத்தனை சதவீதம்னு குடுத்துடும், நாம அந்த எண்ணைப் பார்த்துட்டு மூடிடறோம். படத்தை முழுசா பாருங்க. யுரேனியம்-235க்கு 185.7 கேஇவில (கேஇவிங்கிறது கதிரோட ஆற்றலுக்கு அலகு) பெரிய பீக், கூடவே 143.8, 163.4, 205.3லயும் சின்ன பீக் உண்டு. இதுங்களுக்குள்ள இருக்கிற விகிதத்தை இயற்கை நிர்ணயம் பண்ணியிருக்கு. நடுவுல உலோகத் தகடு ஏதாவது வந்துச்சுன்னா குறைஞ்ச ஆற்றல் பீக் அதிகமா அடிபடும், கூடின ஆற்றல் பீக் கம்மியா அடிபடும், விகிதம் சாயும். யுரேனியம்-238 வழியா வர்ற 1001 கேஇவி பீக்கையும் சேர்த்துப் பார்த்தா சாய்வு இன்னும் நல்லா தெரியும். யுரேனியம் இருக்கிற சிலிண்டர் சுவரோட தடிமன் மாறினாலும் இதே சாய்வு வரும், அதனால அல்ட்ராசோனிக் கேஜ் வச்சு சுவரை அளந்துட்டு அப்புறம் பேசணும்.

தடுப்புப் பொருள் தன்னோட அடையாளத்தையும் விட்டுட்டுப் போகும். ஈயம் நடுவுல இருந்தா 73, 75, 85 கேஇவி பக்கம் எக்ஸ்ரே பீக்குங்க தலை தூக்கும். ஆனா நிறைய டிடெக்டருக்கு சுத்தி ஈயக் கவசம் நாமளே வச்சிருப்போம், அதனால ஈய பீக் இருக்கிறது தப்பு இல்ல, பேஸ்லைன்ல இருந்த அளவை விட திடீர்னு மாறினாத்தான் கேள்வி.

ஒரு போலி பீக்கை எப்படி அடையாளம் காணறதுன்னா, உண்மையான காமா பீக் தனியா வராது. சீசியம்-137ஐ எடுத்துக்கங்க, 662ல பீக்னா 477ல காம்ப்டன் விளிம்பு (டிடெக்டருக்குள்ள ஆற்றல்ல ஒரு பகுதியை மட்டும் விட்டுட்டுப் போற கதிருங்களோட மேல் எல்லை) இருக்கணும், 184 பக்கம் பின்சிதறல் மேடு (சுத்தியிருக்கிற பொருள்ல மோதித் திரும்பி வர்ற கதிர்) இருக்கணும். கேபிள்ல செயற்கையா துடிப்பு ஏத்தினா பீக் மட்டும் தனியா நிக்கும், அதுவும் உண்மையான பீக்கை விட ஒல்லியா நிக்கும், ஏன்னா டிடெக்டருக்குள்ள சார்ஜ் உருவாகிறதுல இருக்கிற இயற்கையான ஆட்டம் அதுல இருக்காது. சோடியம் அயோடைடு கிரிஸ்டல் வச்ச டிடெக்டர்ல 662க்கு அகலம் 7 சதவீதம் பக்கம் இருக்கணும், திடீர்னு 3 சதவீதம் காட்டுச்சுன்னா கிரிஸ்டல் திருந்திடுச்சுன்னு அர்த்தம் இல்ல. இன்னொரு விஷயம், மேல சொன்ன 184 மேடும் யுரேனியம்-235ஓட 186 பீக்கும் சோடியம் அயோடைடுல பிரிச்சே பார்க்க முடியாது, பக்கத்துல எங்கயாவது சீசியம் இருந்தாலே செறிவுக் கணக்கு குழம்பும். சந்தேகம் வந்தா ஜெர்மேனியம் டிடெக்டரால ஒரு தடவை எடுத்துடுங்க, அதுல 662 பீக் எட்டிப் பார்த்துடும், பின்சிதறல் மேடு அகலமாவும் 186 பீக் ஊசி மாதிரியும் தனித்தனியா தெரியும்.

பேக்கிரவுண்ட்ல பொட்டாசியம்-40ஓட 1461 கேஇவியும் தாலியம்-208ஓட 2614 கேஇவியும் கிட்டத்தட்ட எந்த கான்கிரீட் கட்டடத்துலயும் உண்டு. இது ரெண்டும் இலவசமா கிடைக்கிற செக் சோர்ஸ். கெயினை (சிக்னலை எத்தனை மடங்கு பெருக்குறோம்ங்கிற செட்டிங்) யாராவது மாத்தியிருந்தா இது நகர்ந்திருக்கும், டிடெக்டரை வேற இடத்துக்கு எடுத்துட்டுப் போயிருந்தா இதோட அளவு மாறியிருக்கும். சோடியம் அயோடைடுல வெப்பநிலை மாறினாலும் பீக் நகரும், ஆனா அது மெல்ல மெல்ல நகரும், வெப்பமானி ரெக்கார்டோட சேர்ந்து நகரும். ஒரே நிமிஷத்துல தாவினா அது வெப்பம் இல்ல.

நியூட்ரான் கவுண்டர்

புளுட்டோனியத்துக்கு ஹீலியம்-3 வாயுக் குழாய் வச்சு, ஒண்ணா சேர்ந்து வர்ற நியூட்ரானை எண்ணுற கோயின்சிடன்ஸ் கவுண்டர்தான் முக்கியமா பயன்படுற கருவி. இதுல மோசடி பண்ண நினைக்கிறவங்களுக்கு நிலைமை கஷ்டம், காரணம் கருவி ஒரு எண்ணைக் குடுக்கல, ஒண்ணோட ஒண்ணு கட்டுப்பட்ட நாலஞ்சு எண்ணைக் குடுக்குது. புளுட்டோனியம்-240 தானா பிளவுபடும்போது சராசரியா ரெண்டுக்குக் கொஞ்சம் மேல நியூட்ரான் ஒண்ணா வரும், அதனால தனி எண்ணிக்கையோட சேர்த்து ஜோடி எண்ணிக்கையும் ஏறும். அமெரிசியம்-லித்தியம் மாதிரி சோர்ஸ்லேர்ந்து நியூட்ரான் ஒண்ணு ஒண்ணா வரும், தனி எண்ணிக்கை ஏறும் ஜோடி ஏறாது. ரெண்டுக்கும் உள்ள விகிதத்தை ஒவ்வொரு பொருளுக்கும் எழுதி வச்சு அடுத்த தடவை ஒப்பிடுங்க.

இன்னொண்ணு, தற்செயலா சேர்ந்து வர்ற ஜோடியோட எண்ணிக்கையைக் கணக்குப் போட்டே சொல்லிடலாம்: தனி ரேட்டை வர்க்கம் பண்ணி கேட் நேரத்தால (சேர்ந்து வந்ததான்னு பார்க்க கருவி எடுத்துக்கிற நேர அளவு) பெருக்கினா போதும். விநாடிக்கு 10,000 நியூட்ரான், கேட் 64 மைக்ரோசெகண்ட்னா விநாடிக்கு 6,400 வரணும். கருவி தனியா அளந்து குடுக்கிற எண்ணு இதோட ஒத்துப்போகலைன்னா ஒண்ணு அளக்கும்போது ரேட் சீரா இல்ல, இல்ல எலக்ட்ரானிக்ஸ்ல கோளாறு, இல்ல துடிப்பு வேற எங்கேர்ந்தோ வருது. மென்பொருளே இந்த சோதனையைப் பண்ணும், ஃபெயில்னு வந்தா திரும்ப ஓட்டிட்டு பாஸ் ஆனதை மட்டும் சேமிக்கிற பழக்கம் யாருக்காவது இருந்தா தயவுசெஞ்சு நிறுத்துங்க, ஃபெயிலான ஓட்டம்தான் முக்கியமான ஆவணம்.

எச்எல்என்சி-2 மாதிரி கவுண்டர்ல 18 குழாய், 6 ஆம்ப்ளிஃபயர். ஒவ்வொரு ஆம்ப்ளிஃபயரோட ரேட்டையும் தனித்தனியா பாருங்க, சோர்ஸை நடுவுல வச்சா ஆறும் கிட்டத்தட்ட சமமா இருக்கணும். ஒண்ணு செத்துப் போனா மொத்தத்துல ஆறுல ஒரு பங்கு குறையும், அது பழுது. ஒரு பக்கம் மட்டும் கொஞ்சமா குறைஞ்சிருந்தா அந்தப் பக்கம் உள்சுவர்ல ஏதாவது ஒட்டியிருக்கான்னு கைய விட்டு பார்த்துடுங்க.

செக் சோர்ஸ் விஷயத்துல காலிஃபோர்னியம்-252க்கு அரை ஆயுள் 2.645 வருஷம், மாசத்துக்கு 2 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல இறங்கிட்டே இருக்கும். போன மாசம் வந்த அதே ரேட் இந்த மாசமும் வந்தா அதுவே பிரச்சனை, கருவி சரியா இருந்தா எண்ணு இறங்கியிருக்கணும். பழைய சோர்ஸ்ல காலிஃபோர்னியம்-250ம், சிதைவுல உருவாகிற கியூரியம்-248ம் கலந்திருக்கும், அதனால பதினைஞ்சு வருஷ சோர்ஸ் கணக்குப்படி இறங்கலைன்னு யாரையும் குத்தம் சொல்லக் கூடாது. சோர்ஸை எப்பவும் நீங்களே எடுத்துட்டுப் போங்க, இல்லன்னா உங்க சீல்ல பூட்டி வைங்க.

கேபிளும் பெட்டியும்

கேபிள்ல ஒரு கூர்மையான துடிப்பை அனுப்பி எதிரொலியைப் பார்க்கிற டிடிஆர் சோதனை ஒட்டு, கிளை, நசுங்கல் எல்லாத்தையும் காட்டும். சாதாரண பாலிஎத்திலீன் கோஆக்ஸ்ல துடிப்பு நானோசெகண்டுக்கு சுமார் 20 சென்டிமீட்டர் ஓடும், போய்ட்டு வரணும்ங்கிறதால எதிரொலி 10 நானோசெகண்ட் கழிச்சு வந்தா கோளாறு 1 மீட்டர் தூரத்துல. பேஸ்லைன் வரைபடம் கையில இருந்தா அஞ்சு நிமிஷ வேலை. ஹை வோல்டேஜை இறக்கி, டிடெக்டர்லேர்ந்து கழட்டிட்டு பண்ணுங்க, இல்ல கருவி போயிடும்.

ஹை வோல்டேஜ் நிறுத்தற சோதனையை ஒவ்வொரு தடவையும் செய்யச் சொல்லுவேன், ரொம்ப எளிமையானது ரொம்ப பலமானது. வோல்டேஜை இறக்கினா எண்ணிக்கை பூஜ்யத்துக்கு வரணும். வரலைன்னா எண்ணிக்கை டிடெக்டர்லேர்ந்து வரலை. படிப்படியா ஏத்தினா பழைய பிளாட்டோ வளைவே திரும்ப வரணும், எச்எல்என்சி-2 வழக்கமா 1,680 வோல்ட்ல ஓடும், அதுக்குக் கீழயும் மேலயும் வளைவு எப்படிப் போகுதுங்கிறது அந்தக் குழாய்க்கும் அந்த ஆம்ப்ளிஃபயர் செட்டிங்குக்கும் உரிய அடையாளம். குழாயையோ த்ரெஷோல்டையோ (எவ்வளவு பெரிய துடிப்புலேர்ந்து எண்ணணும்ங்கிற எல்லை) மாத்தியிருந்தா வளைவு நகரும்.

டேட்டா

ரீடிங் டிடெக்டர்கிட்டேயே, சீல் போட்ட பெட்டிக்குள்ளேயே டிஜிட்டல் கையெழுத்து போட்டு வரணும். கேபிளைத் தாண்டி ஒரு கம்ப்யூட்டர்ல வந்து கையெழுத்து போட்டா அந்தக் கேபிள் முழுசும் நம்பிக்கையில ஓடுதுன்னு அர்த்தம். கையெழுத்து சரிபார்ப்பு பாஸ்னு வந்ததோட நிக்காம வரிசை எண்ணுல இடைவெளி இருக்கான்னு பாருங்க, நேரமுத்திரை தாவியிருக்கான்னு பாருங்க. சாதாரண குவார்ட்ஸ் கடிகாரம் 20 பிபிஎம் (பத்து லட்சத்துல 20 பங்கு) விலகினா நாளைக்கு 1.7 விநாடி, அந்த விலகல் நேர்க்கோடா சீரா போகும். நடுவுல படி மாதிரி ஒரு தாவல் இருந்தா அந்த நேரத்துல பவர் போச்சா, யாராவது கடிகாரத்தைத் தொட்டாங்களா, எலக்ட்ரானிக் சீல் லாக்ல அந்த நிமிஷத்துல என்ன இருக்குன்னு மூணையும் சேர்த்துப் பாருங்க.

ஃபர்ம்வேர் ஹாஷை எடுத்து ஒப்பிடறது வழக்கம், ஆனா ஹாஷைக் கேட்டா பதில் சொல்றதே அந்த ஃபர்ம்வேர்தான், அதனால முடிஞ்சா மெமரியை வெளியிலேர்ந்து படிங்க. பொருள் வச்சிருக்கிறவங்க குடுத்த கருவியை நாம பயன்படுத்த வேண்டி வந்தா இன்னும் சிக்கல். 1996லேர்ந்து 2002 வரைக்கும் அமெரிக்கா, ரஷ்யா, ஐஏஇஏ மூணும் சேர்ந்து நடத்தின முத்தரப்பு முயற்சியில ரகசியப் பொருளை அளக்கணும் ஆனா ரகசியம் வெளிய வரக் கூடாதுன்னு ஒரு தடுப்புக்குப் பின்னாடி கருவியை வச்சு பச்சை சிவப்பு விளக்கு மட்டும் காட்டுற வழியை ஆராய்ஞ்சாங்க, அந்த விளக்கை எப்படி நம்புறதுங்கிற கேள்விதான் அங்க ரொம்ப கஷ்டமா இருந்தது. இந்த மாதிரி சூழ்நிலைக்கு உதவுற ஒரு நல்ல முறை, ஒரே மாதிரி பல கருவி செய்யச் சொல்லி எதைப் பயன்படுத்துறது எதைப் பிரிச்சுப் பார்க்க எடுத்துட்டுப் போறதுன்னு கடைசி நிமிஷத்துல சீட்டுக் குலுக்கி எடுக்கிறது.

தனியா ஒரு டிடெக்டரை நம்பாதீங்க

கேமராவுல பீப்பாய் நகருது, அதே நேரம் பக்கத்து டிடெக்டர்ல ஏத்தமே இல்ல, இல்ல டிடெக்டர்ல பெரிய ஏத்தம், கேமராவுல காலி அறை, ரெண்டுமே உடனே நிறுத்தி விசாரிக்க வேண்டிய விஷயம். எரிஞ்ச எரிபொருளுக்கு ஃபோர்க் டிடெக்டர் காமாவையும் நியூட்ரானையும் ஒண்ணா அளக்குது, நியூட்ரான்ல பெரும்பங்கு கியூரியம்-244லேர்ந்து வரும், எவ்வளவு எரிஞ்சிருக்குங்கிறது கூடக்கூட அது ரொம்ப செங்குத்தா ஏறும், காமா அப்படி ஏறாது. அதனால ரெண்டையும் சேர்த்து நிலையம் குடுத்த அறிவிப்போட பொருந்துற மாதிரி போலி பண்றது ஒண்ணைப் பண்றதை விட எவ்வளவோ கஷ்டம். 1992ல வட கொரியா குடுத்த புளுட்டோனியம் கணக்கு சரியில்லைன்னு ஐஏஇஏ கண்டுபிடிச்சதும் பரப்பைத் துடைச்சு எடுத்த மாதிரியையும் கழிவையும் பொருளையும் ஆய்வகத்துல ஒப்பிட்டுத்தான். அதே நாட்டுல 2002 டிசம்பர்ல யோங்பியோன்ல சீலை வெட்டி கேமராவை முடக்கினாங்க, அது ஒளிவு மறைவே இல்லாம நடந்தது, உலகத்துக்கே உடனே தெரிஞ்சது. நாம இங்க பேசுறது அந்த மாதிரி வெளிப்படையா நடக்காததைப் பத்தி.

சந்தேகம் வந்தா என்ன பண்ணணும்

எதையும் தொடாதீங்க, ரீஸ்டார்ட் பண்ணாதீங்க, கனெக்டரைக் கழட்டி மாட்டிப் பார்க்காதீங்க. போட்டோ எடுங்க, லாக்கைப் பிரதி எடுங்க, நேரத்தை எழுதுங்க, கூட யார் இருந்தாங்கன்னு எழுதுங்க. ஆபரேட்டர்கிட்ட பழுது, பவர் கட், பராமரிப்பு ஏதாவது நடந்துச்சான்னு மரியாதையா கேளுங்க, கேட்டதையும் சொன்ன பதிலையும் அப்படியே எழுதுங்க. அனுபவத்துல பெரும்பாலான விலகல் பழுதுதான், ஈரம் புகுந்த கனெக்டர், வயசான ப்ரீஆம்ப், துப்புரவு பண்ணும்போது தள்ளி வச்ச ஸ்டாண்ட். ரிப்போர்ட்ல டேம்பரிங்னு, அதாவது கை வச்சிருக்காங்கன்னு, எழுதறது ஒரு நாட்டு மேல வைக்கிற குற்றச்சாட்டு, அதனால பார்த்ததை எழுதுங்க, காரணத்தை ஊகிச்சு எழுதாதீங்க. "கை-ஸ்கொயர் மூணு ஓட்டத்துல 5.1, 6.0, 4.8, பேஸ்லைன்ல 17"னு எழுதினா படிக்கிற நிபுணருக்கு அதுவே போதும்.

அதே சமயம் பழுதாத்தான் இருக்கும்னு தள்ளியும் விடாதீங்க. பழுதுன்னா அதுக்கு ஒரு பாகம் இருக்கணும், அந்த பாகத்தை மாத்தினா எல்லா எண்ணும் ஒண்ணா பேஸ்லைனுக்குத் திரும்பணும். ஒரு எண்ணு திரும்பி இன்னொண்ணு திரும்பலைன்னா விளக்கம் முடியலை. கழட்டின பாகத்தை அங்கேயே விட்டுட்டு வராம சீல் போட்டு ஆய்வகத்துக்கு எடுத்துட்டுப் போங்க. கூடவே நீங்க கையில கொண்டு வந்த வேற வகை டிடெக்டரால அதே பொருளை அன்னிக்கே திரும்ப அளந்துடுங்க, கருவியைப் பத்தின விசாரணை முடிய எவ்வளவு நாள் ஆனாலும் பொருள் இருக்கா இல்லையாங்கிற கேள்விக்கு அந்த ஒரு மாசக் கெடுவுக்குள்ள பதில் கையில இருக்கணும்.